உழைப்பின் அன்றாடப் பொருட்கள்: அமெரிக்கத் தொழில்வாழ்வு அருங்காட்சியகங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவரின் தூக்குவாளி, நெசவாலைப் பெண்ணின் தறி நாடா, ரயில் பணியாளரின் காலணித் தூரிகை, வயல் கூலியின் களைக்கொத்து ஆகியவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டும் அருங்காட்சியகங்கள் அமெரிக்காவில் பல உள்ளன. அவற்றைப் பார்க்கப் போகிறவர்களும் பார்த்துவிட்டு வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

எங்கும் கிடைக்கக்கூடிய இந்தச் சாமான்களை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய தேவை என்ன?

எங்கும் கிடைத்தவை என்பதாலேயே இவற்றை யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தின் டாய்ல்ஸ்டவுன் ஊரைச் சேர்ந்த தொல்லியலாளர் ஹென்றி மெர்சர், 1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பழைய பாணி அடுப்புக்கு ஏற்ற இடுக்கி ஒன்றைத் தேடிக்கொண்டு, நாட்டுப்புற ஏலங்களில் மிஞ்சும் தட்டுமுட்டுச் சாமான்களை மலிவாக வாங்கிக் குவித்திருந்த ஒருவரின் இடத்துக்குப் போனார். அங்கே உப்புப் பெட்டிகள், வைக்கோலால் பின்னிய தேன்கூடுகள், நூற்புச் சக்கரங்கள், கயிறு திரிக்கும் கருவிகள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மண்ணுக்குள்ளிருந்து பழங்காலக் கருவிகளைத் தோண்டியெடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த அவருக்கு, இரண்டு தலைமுறைக்கு முன்புவரை ஒரு நாட்டையே நடத்திய கருவிகள் கண்முன்னே குப்பையாகிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. அன்று தொடங்கிய சேகரிப்பு பல்லாயிரம் பொருட்களாகப் பெருகியது. அவற்றுக்காக அவரே வடிவமைத்துக் கற்காரையால் எழுப்பிய உயரமான கட்டடம் 1916-இல் முடிவடைந்தது. மெர்சர் அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், திமிங்கில வேட்டைப் படகும் சரக்கு வண்டியும் நாற்காலிகளும் கூடைகளும் தலைக்கு மேலே தொங்குவதைக் காணலாம்.

ஒரு கருவியின் முன் நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தேய்மானத்தைப் பாருங்கள், பிடியின் எந்தப் பக்கம் வழவழப்பாகியிருக்கிறது, எந்த இடத்தில் கம்பி சுற்றி ஒட்டுப்போட்டிருக்கிறது என்பவை அதைப் பயன்படுத்தியவரின் உடலைப் பற்றிச் சொல்லும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பொருளை யாருடைய பணத்தில் வாங்கினார்கள்? அமெரிக்கத் தொழில் வரலாற்றின் பெரும்பகுதியில், வேலைக்குத் தேவையான கருவிகளைத் தொழிலாளியே தன் கூலியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அவருடைய நேரத்தையும் எடையையும் எண்ணிக்கையையும் அளக்கும் கருவிகளோ முதலாளியின் உடைமையாக இருந்தன. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் காட்சிப் பொருட்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். கீழே வரும் பல விடைகளும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன.

சுரங்கத் தொழிலாளியின் தூக்குவாளி ஏன் அடுக்கடுக்காக இருக்கிறது?

நம் வீடுகளில் உள்ள அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உடனே விளங்கிவிடும். அலுமினியத்தால் ஆன வட்டமான அந்த வாளியின் அடித்தட்டில் குடிநீரும், அதன்மேல் உள்ள தட்டில் உணவும், மேல்தட்டில் பணியாரம் போன்ற இனிப்பும் இருந்தன. மூடி இறுக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டதற்கு எலிகளே காரணம். அடித்தட்டில் இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று பார்வையாளர்கள் கேட்பதுண்டு. நாள் முழுவதும் தூசியில் உழைப்பவருக்குத் தாகம் எடுக்கும் என்பது ஒரு காரணம். கூரை சரிந்து வழி அடைபட்டால் மீட்புக் குழு வந்து சேரும்வரை உயிரைக் காப்பது அந்தத் தண்ணீர்தான் என்பது இன்னொன்று. வேலை முடிந்து வரும் அப்பாவின் வாளியில் வேண்டுமென்றே மிச்சம் வைக்கப்பட்ட தின்பண்டத்துக்காக வாசலில் காத்திருந்ததைச் சுரங்க ஊர்களில் வளர்ந்தவர்கள் பலர் தங்கள் வாய்மொழி நினைவுகளில் பதிவுசெய்திருக்கிறார்கள்.

கார்பைடு விளக்கு எப்படி எரிந்தது?

உள்ளங்கையில் அடங்கும் பித்தளை விளக்கு அது. மேல் அறையில் தண்ணீரும் கீழ் அறையில் கால்சியம் கார்பைடு கட்டிகளும் இருக்கும். சிறு நெம்புகோலைத் திருப்பினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்து, அசிட்டிலீன் வாயு உண்டாகி, பிரதிபலிப்புத் தட்டின் நடுவிலுள்ள நுண்துளை வழியாக வெளிவரும். தொழிலாளி அந்தத் தட்டை உள்ளங்கையால் ஒரு நொடி மூடி வாயுவைத் தேக்கி, தட்டின் ஓரத்திலிருக்கும் தீப்பொறிச் சக்கரத்தின் மீது கையை இழுத்து உரசுவார்; ‘பட்’டென்ற ஒலியுடன் வெண்சுடர் எழும். கார்பைடுக்குப் பூண்டைப் போன்ற ஒரு நாற்றம் உண்டு. இந்த வகை விளக்குக்கான காப்புரிமை 1900-ஆம் ஆண்டில் பெறப்பட்டது; அதற்கு முன் தொப்பியில் மாட்டிய எண்ணெய்த் திரி விளக்குகள் புகைந்துகொண்டிருந்தன.

சுரங்கத்தில் தேங்கும் மீத்தேன் வாயுவைப் பற்றவைக்க இந்தத் திறந்த சுடரே போதும். மேற்கு வர்ஜீனியாவின் மோனங்கா சுரங்கத்தில் 1907 டிசம்பர் 6 அன்று நிகழ்ந்த வெடிப்பில் அதிகாரப்பூர்வக் கணக்கின்படியே 362 பேர் இறந்தனர். 1910-இல் நடுவண் அரசு சுரங்கத்துறைப் பணியகத்தை ஏற்படுத்தியதற்கு அதுபோன்ற பேரழிவுகளே காரணம். 1914-இல் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கப்பட்ட சுரங்கப் பாதுகாப்புக் கருவி நிறுவனம், தாமஸ் எடிசனுடன் சேர்ந்து மின்கல விளக்கைக் கொண்டுவந்தது. எனினும் கார்பைடு விளக்குகள் அதன்பின்பும் பல ஆண்டுகள் எரிந்தன. பல சுரங்கங்களில் விளக்கு, கார்பைடு, மண்வெட்டி, வெடிமருந்து, மழுங்கிய கருவியைத் தீட்டும் கூலி ஆகிய எல்லாமே தொழிலாளியின் கணக்கில்தான் எழுதப்பட்டன.

பித்தளை வில்லைகள் பல வகையாக உள்ளனவே, அவற்றுக்குள் என்ன வேறுபாடு?

இது மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. குழப்பம் நியாயமானதும்கூட, ஏனெனில் பேழைக்குள் அவை ஒன்றுபோலவே தோன்றும். முதல் வகை, எண் பொறித்த அடையாள வில்லை. தான் வெட்டி நிரப்பிய நிலக்கரி வண்டியில் தொழிலாளி தன் எண்ணுள்ள வில்லையை மாட்டி அனுப்புவார். மேலே எடை போடும் இடத்தில் அந்த எண்ணின் கணக்கில் எடை சேர்க்கப்படும். கூலி எடைக்கேற்ப வழங்கப்பட்டதால், தராசின் அருகில் யார் நிற்கிறார் என்பது வாழ்வாதாரப் பிரச்சினையாயிற்று. நிறுவனத்தின் எடையாளர் குறைத்து எழுதுகிறார் என்ற குற்றச்சாட்டு ஓயாததால், தங்கள் பணத்திலேயே சம்பளம் கொடுத்துத் தங்கள் ஆள் ஒருவரைத் தராசருகில் நிறுத்தும் உரிமைக்காகத் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடினார்கள். வேறொரு வகை எண் வில்லை, யார் சுரங்கத்துக்குள் இருக்கிறார், யார் வெளியே வந்துவிட்டார் என்பதைப் பலகையில் காட்டுவதற்குப் பயன்பட்டது. விபத்து நேர்ந்த நாளில் அந்தப் பலகையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நிறுவனக் காசு முற்றிலும் வேறானது. நடுவில் ஏதேனும் ஒரு வடிவத்தில் துளையிட்டு, நிறுவனத்தின் பெயரும் மதிப்பும் பொறித்து, அந்த நிறுவனம் நடத்தும் கடையில் மட்டுமே செல்லும்படி வெளியிடப்பட்ட நாணயம் அது. சம்பள நாளுக்கு முன்பே கைச்செலவுக்குத் தேவைப்பட்டவர்களுக்கு, உழைத்துச் சேர்த்த கூலியின் மீது முன்பணமாக அது வழங்கப்பட்டது. வாடகை, மருத்துவர் கட்டணம், கருவிச் செலவு, கடைப் பற்று என எல்லாவற்றையும் கழித்தபின் சம்பள நாளில் கையில் எதுவும் மிஞ்சாத குடும்பங்கள் பல இருந்தன. அடுத்த இரண்டு வாரமும் அதே காசுதான். வெளிக்கடையில் செல்லாத அந்தக் காசை முகமதிப்புக்குக் குறைவாக வாங்கிக்கொள்ளும் இடைத்தரகர்களும் இருந்தார்கள். 1938-இன் நியாயமான தொழில் தரச் சட்டம் ஊதியத்தை ரொக்கமாக அளிக்க வேண்டும் என்ற நிலையை உருவாக்கியது; அப்படியிருந்தும் அப்பலேசிய மலைப்பகுதியில் முன்பணமாக இந்தக் காசு 1950-கள் வரை புழங்கியது.

பால்டிமோர் தொழில் அருங்காட்சியகத்துக்குப் போனால் இன்னொரு வகையைக் காணலாம். அந்த அருங்காட்சியகமே 1865-இல் கட்டப்பட்ட ஒரு சிப்பி பதப்படுத்தும் ஆலைக்குள் அமைந்துள்ளது. சிப்பி உடைப்பவர்கள் ஒவ்வோர் அளவுப் பாத்திரத்தை நிரப்பும்போதும் ஒரு வில்லையைப் பெற்று, அவற்றை எண்ணிக் கூலி வாங்கினார்கள். மழுங்கிய முனையுள்ள சிப்பிக் கத்தியையும் அந்த வில்லையையும் அருகருகே பார்க்கும்போது ஒரு நாள் உழைப்பின் தொடக்கமும் முடிவும் தெரிகின்றன.

ஒரு சிவப்புக் கைக்குட்டைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

மேற்கு வர்ஜீனியாவின் மேட்வான் ஊரில் 2015-இல் திறக்கப்பட்ட சுரங்கப் போர் அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். 1921 ஆகஸ்ட் இறுதியில், சங்கம் அமைக்கும் உரிமைக்காக ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்திப் பிளேர் மலையை நோக்கி நடந்தனர். அவர்களிடம் சீருடை கிடையாது. தூசிக்கும் வியர்வைக்குமாகக் கழுத்தில் கட்டும் மலிவான சிவப்புத் துணிதான் தங்கள் ஆளை அடையாளம் காட்டியது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்தவர்களும் அந்த ஒரே துணியைக் கட்டிக்கொண்டு சேர்ந்து நடந்தார்கள் என்பது, இனப்பிரிவினை கடுமையாக இருந்த அந்தக் காலத்தில் எளிய செய்தி இல்லை. நடுவண் அரசின் படை வந்த பிறகே சண்டை ஓய்ந்தது.

வருகைப் பதிவுக் கடிகாரம் எப்போது வந்தது?

நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் நகைக்கடை வைத்திருந்த வில்லார்டு பண்டி 1880-களின் இறுதியில் அதை உருவாக்கினார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண்ணுள்ள ஒரு சாவி தரப்பட்டது. கடிகாரத்துக்குள் அதை நுழைத்துத் திருப்பினால் எண்ணும் நேரமும் காகித நாடாவில் பதிவாயின. பின்னர் அட்டையில் நேரம் பதிக்கும் கடிகாரங்கள் வந்தன. தாமதமாக வருகிறவரின் நேரத்தைச் சிவப்பு மையில் அச்சிடும் வகையும் அவற்றுள் உண்டு. பண்டியின் நிறுவனம் வேறு பல நிறுவனங்களோடு இணைந்து 1911-இல் உருவான கூட்டு நிறுவனமே 1924-இல் ஐபிஎம் என்ற பெயரைப் பெற்றது என்பதைக் கணினித் துறையில் வேலை செய்கிற வாசகர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள் என நினைக்கிறேன்.

கடிகாரத்துக்கு முன்பு மணி இருந்தது. மாசச்சூசெட்ஸின் லோவெல் நகரில், 1840-களில், விடியற்காலை மணியோசைக்கு எழுந்து வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கும் மேல் உழைத்த ஆலைப் பெண்கள், சாரா பேக்லியின் தலைமையில் பத்து மணி நேர வேலைநாள் கேட்டுச் சட்டமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள்.

லோவெல் நெசவாலையில் காதடைப்பான் தருகிறார்களே, சத்தம் அவ்வளவு இருக்குமா?

இருக்கும். 1978-இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட லோவெலில், பூட் பருத்தி ஆலை அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பழைய விசைத்தறிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே ஒரு நேரத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அதற்கே பலகைத் தரை காலடியில் அதிர்கிறது. எல்லாத் தறிகளும் ஓடிய காலத்தில் நெசவாளர்கள் உதட்டசைவைப் படித்தே பேசிக்கொண்டார்கள். காது மந்தமாகிப்போவது தொழிலின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

ஆனால் அங்கே நான் நின்று பார்க்கச் சொல்வது தறியை அன்று, துணியின் குறுக்கே செல்லும் ஊடை நூலைச் சுமந்து அதற்குள் ஓடிய மரநாடாவைத்தான். படகு வடிவில் இழைத்து, இரு முனையிலும் இரும்புக் கூர் வைத்த அந்த நாடாவின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கிறது. தார் (நாடாவுக்குள் வைக்கும், நூல் சுற்றிய சிறு கட்டை) தீர்ந்து புதிய தாரைப் பொருத்தும்போது, நெசவாளர் அந்தத் துளையில் வாயை வைத்து உறிஞ்சி ஊடை நூலை வெளியே இழுப்பார். நூல் முனையோடு பஞ்சுத் தூசியும் சாயமும் எண்ணெயும் வாய்க்குள் போகும். அதே நாடாவை அடுத்த வேலைமுறையில் (ஷிப்டில்) இன்னொருவரும் உறிஞ்சுவார். ஒரு நாளில் எத்தனையோ முறை இது நடக்கும். காசநோய் பரவுவதற்கு இது வழி என்று கண்டு, ‘சாவு முத்தம்’ என்றே அந்த நாடாவைத் தொழிலாளர்கள் அழைத்தார்கள். மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1911-இல் அதைத் தடைசெய்தது. 1890-களிலேயே ஹோப்டேல் ஊரின் டிரேப்பர் நிறுவனம் அறிமுகப்படுத்திய நார்த்ராப் தறியில், தார் தானே மாறி நூலும் தானே கோத்துக்கொண்டது. அதனால் உறிஞ்ச வேண்டிய தேவை நீங்கியது. நிம்மதி என்று சொல்வதற்கில்லை, அதே காரணத்தைச் சொல்லி ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய தறிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள்.

ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதிகளின் பின்கட்டைத் தொல்லியலாளர்கள் 1980-களில் அகழ்ந்து ஆராய்ந்தபோது, பொத்தான்கள், மலிவான அணிகள், மருந்துக் குப்பிகள், களிமண் புகைக்குழாய்கள், மதுக் குப்பிகள் ஆகியவை கிடைத்தன. விடுதியில் ஒழுக்க விதிகள் கடுமையாக இருந்தன. கதவை இரவு பத்து மணிக்கு அடைத்தார்கள். எனினும் அந்த விதிகளுக்கு அடியில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நிறுவனத்தின் பதிவேடுகளைவிட இந்தக் குப்பை நேர்மையாகச் சொல்கிறது.

அந்தப் பருத்தி எங்கிருந்து வந்தது? அடிமைகளின் உழைப்பைக் காட்டும் பொருட்கள் உள்ளனவா?

உள்நாட்டுப் போருக்கு முன் லோவெல் ஆலைகள் நூற்ற பருத்தியைத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் பறித்தார்கள். அதில் ஒரு பகுதி முரட்டுத் துணியாக நெய்யப்பட்டு, அதே தோட்டங்களுக்குத் திரும்பிச் சென்று அவர்களுக்கே உடையாயிற்று. ‘லோவெல்’ என்றே அந்தத் துணி அழைக்கப்பட்டது.

கருவியைப் பற்றிய உடைமைக் கேள்வி இங்கே வேறொரு கொடூரமான வடிவம் கொள்கிறது, ஏனெனில் இங்கே உழைப்பவரே இன்னொருவரின் உடைமை. தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில், அடிமையாக இருந்த ஒருவரை உரிமையாளர் வெளியே வாடகை வேலைக்கு அனுப்ப வேண்டுமானால், நகராட்சியிடம் ஆண்டுதோறும் பணம் கட்டி ஒரு செம்பு வில்லையை வாங்க வேண்டும். நகரத்தின் பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றோடு ‘பணியாள்’, ‘சுமைதூக்கி’, ‘மீனவர்’, ‘கைவினைஞர்’ என்ற தொழில்வகை ஒன்றும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வேலை செய்தவரின் பெயர் மட்டும் இருக்காது. கூலியில் பெரும்பங்கோ முழுவதுமோ உரிமையாளருக்குப் போயிற்று. வாஷிங்டனில் 2016-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இத்தகைய வில்லைகள் உள்ளன.

வீடே பட்டறையாக இருந்த இடங்களைப் பார்க்க முடியுமா?

நியூயார்க் நகரின் ஆர்ச்சர்டு தெரு 97-ஆம் எண் கட்டடத்துக்குச் செல்லுங்கள். 1863-இல் கட்டப்பட்டு 1935 வரை ஏறத்தாழ 7,000 பேர் குடியிருந்த அந்தக் கட்டடம் இப்போது குடியிருப்பு அருங்காட்சியகமாக உள்ளது. மூன்று அறைகளும் சேர்ந்து ஏறத்தாழ 325 சதுர அடி கொண்ட ஒரு வீட்டில், 1890-களில் லெவைன் குடும்பம் தையல் பட்டறையும் நடத்தியது. முன்னறையில் தையல் எந்திரம் ஓட, சமையலறை அடுப்பிலேயே இஸ்திரி இரும்புகள் காய்ந்தன. குழந்தைகளும் அதே அறைகளில் வளர்ந்தனர். இரும்பைச் சூடாக வைத்திருக்கக் கோடையிலும் அடுப்பு எரிந்தாக வேண்டும் என்பதை அந்தச் சிறிய சமையலறைக்குள் நிற்கும்போதுதான் உணர முடியும்.

பட்டறைகளிலிருந்து வேலை ஆலைகளுக்கு மாறியபோது நிலைமை உடனே சீராகவில்லை. 1909-இல் நியூயார்க்கின் மேற்சட்டைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊசிக்கும் எந்திரத்தை ஓட்டும் மின்சாரத்துக்கும் உட்காரும் நாற்காலிக்கும்கூடத் தங்கள் கூலியில் பிடித்தம் செய்கிறார்கள் என்பது அவர்களின் குறைகளில் ஒன்று. அந்த வேலைநிறுத்தத்தில் பலர் பங்கெடுத்த டிரையாங்கிள் ஆலையில்தான் 1911 மார்ச் 25 அன்று தீப்பிடித்து 146 பேர் இறந்தனர்.

குட்டைக்காம்புக் களைக்கொத்து ஏன் தடைசெய்யப்பட்டது?

கலிஃபோர்னியாவின் கீரை, கிழங்கு வயல்களில் செடி கலைக்கவும் களையெடுக்கவும் பயன்பட்ட அந்தக் கருவியின் காம்பு 24 அங்குலத்துக்கும் குறைவு. ‘எல் கோர்ட்டீட்டோ’ என்று ஸ்பானிய மொழியில் அழைக்கப்பட்டது. அதைப் பிடித்து வேலை செய்ய வேண்டுமானால் இடுப்பை இரண்டாக மடித்துக் குனிந்தே நகர வேண்டும், அதுவும் நாள் முழுவதும். நீண்ட காம்பிருந்தால் செடி சேதமாகும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். நிமிர்ந்து நிற்பவர் வேலை செய்யவில்லை என்று மேற்பார்வையாளர் தொலைவிலிருந்தே கண்டுகொள்ள வசதி என்பதே உண்மைக் காரணம் என்றார்கள் தொழிலாளர்கள். முதுகெலும்புக்கு நேரும் நிரந்தரச் சேதம் குறித்து மருத்துவர்கள் சாட்சியம் அளித்தனர். ஊரகச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1975-இல் அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள குட்டைக் கொத்துகளில் ஒன்று, பண்ணைத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸின் தந்தை லிப்ராடோ சாவேஸுடையது. பார்ப்பதற்கு எந்தச் சிறப்பும் இல்லாத கருவி. குழந்தைகளை அதன் முன் நிறுத்தி, அந்த உயரத்துக்குக் குனிந்து பத்து அடி நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ரயில் பணியாளர்களின் தூரிகைக்கும் படிக்கட்டுக்கும் தனி அருங்காட்சியகமா?

ஆம். சிகாகோவின் புல்மன் பகுதியில் ஏ. பிலிப் ராண்டால்ஃப் புல்மன் ரயில் பணியாளர் அருங்காட்சியகம் 1995 முதல் இயங்குகிறது. புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதிப் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். மாதம் 400 மணி நேரமோ 11,000 மைலோ வேலை செய்தால்தான் முழுச் சம்பளம். மீதிக்குப் பயணிகள் தரும் அன்பளிப்பையே நம்ப வேண்டும். இரவு முழுவதும் அவர்கள் துடைத்த காலணிகளுக்கான மெருகுமைக்கும் அவர்களே பணம் போட்டார்கள். பயணிகள் எடுத்துச் சென்றுவிட்ட துண்டின் விலையையும் அவர்கள் சம்பளத்தில் பிடித்தார்கள். நிறுவனரின் பெயரான ‘ஜார்ஜ்’ என்றே எல்லோரையும் பயணிகள் கூப்பிட்டார்கள். ராண்டால்ஃப் தலைமையில் 1925-இல் தொடங்கிய சங்கம் பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டது. பயணி இறங்குவதற்காகக் கீழே வைக்கும் சிறு படிக்கட்டைக் காட்சியில் பார்க்கும்போது, அதை வைத்தவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பாதுகாப்புத் தொப்பியைக் கண்டுபிடித்தவர் யார்?

சான் பிரான்சிஸ்கோவின் புல்லர்டு நிறுவனம் 1919-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தொப்பி, ஆவியில் வேகவைத்த கித்தான் துணியையும் பசையையும் கறுப்பு வண்ணத்தையும் கொண்டு செய்யப்பட்டது. முதல் உலகப் போரில் அணிந்த இரும்புத் தலைக்கவசமே இதற்குத் தூண்டுதல். ஆனால் 1930-களின் தொடக்கத்தில் ஹூவர் அணைக்கட்டில் பாறைச் சரிவில் தொங்கி வேலை செய்தவர்கள், தங்கள் துணித்தொப்பிகளைக் கரித்தாரில் தோய்த்து உலர்த்தித் தாங்களே கவசம் செய்துகொண்டார்கள். அதைக் கண்ட பின்னரே ஒப்பந்த நிறுவனம் ஆலைத் தயாரிப்புகளை வாங்கியது. 1933-இல் தொடங்கிய கோல்டன் கேட் பாலப் பணியில் தொப்பி கட்டாயமாக்கப்பட்டது; கீழே கட்டிய வலை 19 பேரின் உயிரைக் காத்தது.

அலுவலக வேலைக்கு இடமே இல்லையா?

உண்டு. 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸ் தட்டச்சு எந்திரத்தைக் கண்டால் தையல் எந்திரமோ என்று தோன்றும். அதே நிறுவனத்தின் தையல் எந்திரப் பிரிவே அதைச் செய்ததால் பூ வேலைப்பாடும், சில எந்திரங்களில் காகித உருளையைத் திருப்ப மிதிபலகையும் இருந்தன. பெரிய எழுத்துகளை மட்டுமே அதில் அடிக்க முடியும்.

காட்சியில் இருப்பவை எல்லாம் அசலா? துருவையும் அழுக்கையும் ஏன் நீக்குவதில்லை?

பெரும்பாலானவை அசல், இல்லாதவற்றை விளக்க அட்டை சொல்லிவிடும், ஆகவே அதைப் படிக்காமல் நகராதீர்கள். எடுத்துக்காட்டாக, பென்சில்வேனியாவின் எக்லி சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் வானளாவ நிற்கும் நிலக்கரி உடைப்புக் கட்டடம், 1960-களின் இறுதியில் ஒரு திரைப்படப் படப்பிடிப்புக்காகக் கட்டப்பட்டது. சுற்றியுள்ள வீடுகளோ உண்மையான தொழிலாளர் குடியிருப்புகள். அத்தகைய உடைப்புக் கட்டடங்களில் சிறுவர்கள் பலகையில் வரிசையாக அமர்ந்து, காலடியில் வழிந்தோடும் நிலக்கரியிலிருந்து வெறுங்கையால் கல் பொறுக்கினார்கள். அவர்களுக்குச் சொந்தக் கருவி என்று எதுவும் இல்லாததால் காட்சிக்கு வைக்கப் பொருளும் மிகக் குறைவு. லூயிஸ் ஹைன் எடுத்த ஒளிப்படங்களே அந்த இடத்தை நிரப்புகின்றன.

துருவைப் பொறுத்தவரை, உலோகத்தைத் தின்றுகொண்டே போகும் துரு நிறுத்தப்படும். கைபட்டு ஏறிய எண்ணெய்ப்பசையும் கரியும் அப்படியே விடப்படும். பளபளவெனத் தேய்த்துவிட்டால் உழைத்தவரின் கைத்தடம் போய்விடும். வியர்வையிலுள்ள உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் பணியாளர்கள் கையுறை அணிந்தே எடுக்கிறார்கள்.

நேரம் குறைவாக இருந்தால் எங்கே போவது?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்கிறவர்கள், அவர்கள் இருக்கும் ஊரைப் பொறுத்து முடிவு செய்யலாம். பாஸ்டன் பக்கம் என்றால் லோவெல், ரயிலிலேயே போய்வரலாம். நியூயார்க் என்றால் ஆர்ச்சர்டு தெரு. அங்கே வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள் என்பதால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வாஷிங்டனில் உள்ள இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் லோவெலைச் சொல்வேன், ஓடும் எந்திரத்தை உடம்பால் உணர்வதற்கு ஈடான விளக்க அட்டை எதுவும் இல்லை.

எங்கள் குடும்பத்தினர் அமெரிக்காவில் வேலை செய்தபோது பயன்படுத்திய பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் நேரில் எடுத்துச் செல்லாதீர்கள். முதலில் ஒளிப்படத்தோடு கடிதம் எழுதிக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால், உடைமையை மாற்றித் தரும் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதன்பின் பொருளைத் திரும்பப் பெற இயலாது, காட்சிக்கு வைக்கப்படும் என்ற உறுதியும் இராது. அருங்காட்சியகங்கள் பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை: அமெரிக்காவில் கோவிட் தடுப்பூசியை முதலில் போட்டுக்கொண்டவர்களுள் ஒருவரான நியூயார்க் செவிலியரின் பணி உடையும் அடையாள அட்டையும் 2021-இல் அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன.

பொருளைப் பிரிய மனமில்லாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. பிலடெல்பியாவில் 2008 முதல் இயங்கும் தெற்காசிய அமெரிக்க எண்ணிம ஆவணகம், தமிழர் உள்ளிட்ட தெற்காசியக் குடும்பங்களின் கடிதங்கள், பணி ஆணைகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை எண்ணிமமாக்கிக்கொண்டு மூலத்தைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எதைக் கொடுப்பதாயினும், அதைப் பயன்படுத்தியவர் யார், எந்த ஊரில், எந்த வேலைக்கு, எந்த ஆண்டுகளில் பயன்படுத்தினார், அதை வாங்கப் பணம் கொடுத்தவர் யார் என்பதை அவர் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, பொருளோடு சேர்த்துக் கொடுங்கள்.